புளித்த அப்பம், புளிக்காத அப்பம்: ஆர்.சி., ஆர்த்தடாக்ஸ் கேள்வி பதில்

பந்தலூர் வாசகி: பக்கத்து வீட்டுக்காரர்கள் மலங்கரை ஆர்த்தடாக்ஸ். 1054இல் போப்பை விட்டுப் பிரிந்தவர்கள்தானே?

இல்லை. 1054 ரோமுக்கும் கான்ஸ்டான்டிநோபிளுக்கும் வந்த சண்டை. கிரேக்கர், ரஷ்யர் அந்த வழி. உங்கள் பக்கத்து வீட்டார் 1653இல் கேரளக் கிறிஸ்தவர்கள் போர்த்துகீசிய ஆதிக்கத்தை எதிர்த்துச் செய்த கூனன் குரிசு சத்தியத்துக்குப் பிறகு அந்தியோக்கியா பக்கம் சாய்ந்தவர்கள். அந்தியோக்கியாவின் சிரிய மரபோ 451இல் ஆயர்கள் கூடிய கால்சிதோன் சங்கத்தையே ஏற்கவில்லை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

குன்னூர் பேக்கரிக்காரர்: எங்கள் பூசையில் காகிதம் மாதிரி அப்பம். கூடலூர் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் கோவிலின் குர்பானாவில் (அவர்கள் பூசை) தடியாக, உப்பி இருந்தது. ஏன்?

அது புளித்த மாவு. 1053இல் கிரேக்கர் பக்கத்து ஓக்ரிட் ஆயர் லியோ, ரோம் பக்கத்து லத்தீன்காரர்களின் புளிக்காத அப்பத்தைத் திட்டிக் கடிதமே எழுதினார். அடுத்த ஆண்டு ஜூலை 16, போப்பின் தூதர் ஹம்பர்ட் கான்ஸ்டான்டிநோபிளின் ஹாகியா சோபியா கோவில் பீடத்தில் சாபக் கடிதத்தை வைத்துவிட்டுப் போனார். அனுப்பிய போப் ஏப்ரலிலேயே இறந்துவிட்டார்!

பேக்கரிக்காரர் மறுபடி: வர்க்கிக்கு மாவு புளிக்க வைக்கிறவன் நான். புளிக்காத மாவு செத்த மாவு.

அண்ணே, கிரேக்கர்களும் இதையேதான் சொன்னார்கள்.

கோத்தகிரி ஆசிரியர் குறுக்கே: கடைசி இராவுணவு பாஸ்கா விருந்து. அன்று யூதர் வீட்டில் புளிப்பே இருக்கக்கூடாது.

மத்தேயு, மாற்கு, லூக்கா உங்கள் பக்கம், சார். யோவானோ பாஸ்காவுக்கு முந்தின நாள் என்கிறார். அப்புறம் இதையும் கேளுங்கள்: அர்மேனியர்கள் ஆர்த்தடாக்ஸ், புளிக்காத அப்பம். உக்ரைன் கிரேக்கக் கத்தோலிக்கர்கள் போப்புக்குக் கீழ், புளித்த அப்பம். 1439 பிளாரன்ஸ் சங்கம் இரண்டும் செல்லும் என்றது. அப்பத்தில் ஒத்துப்போகலாம், போப்பின் அதிகாரத்தில்தான் முட்டுகிறது.

ஊட்டி: ஆர்த்தடாக்ஸ் சாமியார் கல்யாணம் செய்யலாமா?

குருப்பட்டத்துக்கு முன்பு, சரி. பின்பு கூடாது. ஆயர் என்றால் துறவி.

குன்னூர்: ஈஸ்டர் தேதி ஏன் வேறு?

கூடலூர் மலங்கரைக்காரர்களுக்கு வேறில்லை. கிரேக்கர்களுக்குப் பழைய ஜூலியன் கணக்கு: 2024இல் நமக்கு மார்ச் 31, அவர்களுக்கு மே 5.

தேவாலா: மலங்கரை 1054இல்...

முதல் பதில்!

காந்தல்: நான் ஆர்.சி. அங்கே நற்கருணை வாங்கலாமா?

உங்கள் பங்குச்சாமியையும் அவர்கள் அச்சனையும் கேளுங்கள்.

பேக்கரிக்காரர்: அப்போ அர்மேனியர் மாவும் செத்த மாவா?

அண்ணே, ஒரு வர்க்கி அனுப்புங்கள். டீ ஆறுகிறது.