ஆர்மோனியக்காரருக்கு ஒரு பக்கம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் தாத்தா புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகங்களுக்கு நாற்பது வருஷம் ஆர்மோனியப் பின்பாட்டு பாடியவர். ‘வள்ளி திருமணம்’ என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் அவரைப் பற்றி எழுதினேன். ‘குறிப்பிடத்தக்கமை இல்லை’ என்று நீக்கிவிட்டார்கள். ஒரே படத்தில் தலைகாட்டிய நடிகருக்கெல்லாம் பக்கம் இருக்கிறதே, இது நியாயமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நீக்கியவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

‘குறிப்பிடத்தக்கமை’ என்ற சொல்தான் வம்பு. தாத்தாவின் வித்தைக்கு யாரோ மார்க் போட்டதுபோல் படுகிறது. அவர்கள் பார்ப்பது, அவரோடு சம்பந்தமில்லாத யாராவது அவரைப் பற்றி விரிவாக எழுதி வெளியிட்டிருக்கிறார்களா என்பதை. பேத்தி எழுதியது கணக்கில் வராது. அந்த நடிகரைப் பற்றி சினிமாப் பத்திரிகைகள் எழுதியிருக்கும். நாடக மேடைப் பக்கம் எந்த நிருபர் வந்தார்? அநியாயம் அங்கேயே தொடங்கிவிட்டது.

கனடா இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லண்டைப் பற்றிய வரைவை ஆங்கில விக்கிப்பீடியா 2018 மே மாதம் இப்படித்தான் திருப்பியனுப்பியது. அக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு. உடனே பக்கம் வந்துவிட்டது. பரிசுக்குரிய ஆய்வுக்கட்டுரை வெளிவந்ததோ 1985இல்!

நம் பழைய தொகுப்பாளர்கள் தாராளம். குறுந்தொகையில் பெயர் தெரியாத புலவருக்கு அவர் பாட்டிலிருந்தே பெயர் எடுத்துக் கொடுத்தார்கள்: செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார். ஆனால் பாட்டு அவர்கள் கையில் இருந்தது. உங்கள் தாத்தாவின் பாட்டு எங்கே இருக்கிறது? ஒரு கேசட்டாவது?

பரணைத் தேடுங்கள். நாடக நோட்டீஸில் நடிகர்களோடு ஆர்மோனியக்காரர் பெயரும் போடுவார்கள். நோட்டீஸ் விளம்பரம்தான், அது மட்டும் போதாது; ஆனால் ஊரும் தேதியும் கிடைக்கும். கோட்டையூர் ரோஜா முத்தையா, பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர், நாடக நோட்டீஸ்களைக்கூட விடாமல் சேர்த்தார். அந்தச் சேகரிப்பு சென்னையில் அவர் பெயரிலேயே உள்ள நூலகத்தில் இருக்கிறது. ஒருநாள் போய்ப் பாருங்கள்.

அதற்கும் முன்னால், தாத்தாவோடு மேடையேறிய ராஜபார்ட், அதாவது கதாநாயக வேஷக்காரர், யாராவது இருந்தால் போய்ப் பேசிப் பதிவுசெய்துவிடுங்கள். நூலகம் காத்திருக்கும், அவர்கள் வயது காத்திருக்காது. சேர்ந்ததையெல்லாம் நாடகக் கலையை ஆராய்கிற ஒருவரிடம் கொடுத்து அவரை எழுதச் சொல்லுங்கள். சிற்றிதழில் வந்தாலும் சரி, பிறகு கலைக்களஞ்சியத்தின் கதவைத் தட்டலாம்.

நோட்டீஸ் அகப்பட்டால் எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள். தாத்தா எத்தனை கட்டையில் பாடினார் என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.