காய்ச்சலுக்குப் போன பிள்ளையிடம், அமெரிக்க கிளினிக்கில் மனப் பதற்றம் பற்றி ஏன் கேட்கிறார்கள்?

பதற்றம் பல சமயம் வயிற்றுவலி, தலைவலி வேஷத்தில்தான் கிளினிக்குக்கு வரும். அதனால்தான் அமெரிக்க நோய்த்தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2022 அக்டோபரில், அறிகுறி தெரியாவிட்டாலும் 8 முதல் 18 வயது வரை எல்லோரிடமும் கேட்டுப் பார்க்கச் சொன்னது.

பல இடங்களில் கொடுப்பது ஜிஏடி-7 என்ற ஒரு பக்கத் தாள். கடந்த 2 வாரங்களில் படபடப்பு, நிறுத்த முடியாத கவலை, எரிச்சல் என 7 கேள்விகள்; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். வழக்கமாக 10-ஐத் தொட்டால் டாக்டர் உட்கார்ந்து விசாரிப்பார். சரி, 12 வந்தால் நோயா? இல்லை. பரீட்சை நேரத்தில் யாருக்கும் ஏறும். தாள் வெறும் சல்லடை. பேசித்தான் உறுதிசெய்ய முடியும்.

என்னைக் கேட்டால், பிள்ளையின் அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்வது அந்தத் தாளைவிட முக்கியம். அவர் பக்கத்தில் இருந்தால் எல்லாக் கட்டத்திலும் ‘இல்லவே இல்லை’ என்றுதான் டிக் விழும்.