ஆயுள் முடிந்த செயற்கைக்கோள்களைக் ‘கல்லறைச் சுற்றுப்பாதை’யில் விடுவது என்றால் என்ன?

டிவி, தகவல்தொடர்பு செயற்கைக்கோள்கள் பல பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 35,786 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. வேலை முடிந்ததும் அவற்றை இன்னும் ஏறக்குறைய 300 கி.மீ. மேலே ஏற்றிவிட்டு அங்கேயே விடுகிறார்கள். அந்த இடம்தான் கல்லறைச் சுற்றுப்பாதை.

ஏன் கீழே இறக்குவதில்லை? அதற்கான எரிபொருள் கட்டுப்படியாகாது. மேலே தள்ள, மூன்று மாதம் அதே இடத்தில் நிலைநிறுத்தச் செலவாகும் அளவு எரிபொருள் போதும். பழுதான பஸ்ஸைப் பணிமனைவரை இழுக்காமல் சாலையோரம் ஒதுக்குவது போலத்தான். பின்னால் வருகிற வண்டிக்கு வழி கிடைத்தால் சரி.

நிறுத்துவதற்கு முன் மிச்ச எரிபொருளை வெளியேற்றி, பேட்டரியையும் தீர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னாளில் வெடித்துச் சிதறலாம். என்னைக் கேட்டால், மேலே ஏற்றுவதைவிட முக்கியமான வேலை இதுதான்.

போனது திரும்பி வந்ததும் உண்டு. இன்டெல்சாட் 901 என்ற தகவல்தொடர்பு செயற்கைக்கோளில் எரிபொருள்தான் தீரும் நிலை. கருவிகள் நன்றாகவே இருந்தன. 2020 பிப்ரவரியில் எம்இவி-1 என்ற விண்கலம் கல்லறைப் பாதையிலேயே அதன் பின்புறம் போய் இணைந்துகொண்டது. அப்புறம் பழைய உயரத்துக்கு இறக்கி, மறுபடி வேலைக்கு வைத்தார்கள்.

காற்றில்லாத இடத்தில் எதுவும் கெடாது என்று பலர் நினைக்கிறார்கள். துரு பிடிக்காது என்பது உண்மை, ஆனால் புறஊதாக் கதிரும், வெயில்-நிழல் மாறி மாறி வரும் கடும் சூடும் குளிரும், நுண்கற்களும் மேலுறையை மெல்ல அரித்துக்கொண்டேதான் இருக்கும்.