ஓடை நகர்ந்தால் எல்லையும் நகருமா?

கேள்வி: தேன்கனிக்கோட்டை பக்கம் 1 ஏக்கர் 20 சென்ட் பூர்வீக நிலம். பத்திரத்தில் ‘வடக்கே ஓடை’ என்று இருக்கிறது. ஓடை இப்போது தெற்கே தள்ளி ஓடுவதால், எதிர்க்கரைக்காரர் அதுவரை தனது என்கிறார். மூலைக்கல் ஒன்றைக் காணோம். பழைய புலப்படத்தின்படி டேப் பிடித்தால் கணக்கு உதைக்கிறது. என்ன செய்வது?

பதில்: கணக்கு உதைப்பது அலகினால். பழைய புலப்படத்தில் இருப்பவை அடியோ மீட்டரோ அல்ல, வெள்ளைக்காரர் காலத்து குண்டர் சங்கிலியின் லிங்க். 66 அடிச் சங்கிலிக்கு 100 லிங்க். படத்தில் 400 என்றால் தரையில் 264 அடிதான். 1,000 சதுர லிங்க் ஒரு சென்ட். நிலம் 300-க்கு 400 லிங்க் என்றால் 1,20,000 சதுர லிங்க், அதாவது உங்கள் 120 சென்ட். பட்டாவில் இதுவே ஏறக்குறைய 48.5 ஏர் (ஒரு ஏர் 100 சதுர மீட்டர்). புதிய படங்கள் மீட்டரில் இருக்கும். பக்க அளவுகளைப் பெருக்கிப் பரப்போடு ஒப்பிட்டாலே லிங்க்கா மீட்டரா என்று தெரிந்துவிடும்.

அடுத்து ஓடை. கிராமத்தின் சர்வே எண்களையெல்லாம் பட்டியலிடும் ‘அ’ பதிவேட்டைப் பாருங்கள். ஓடை புறம்போக்குக்குத் தனி சர்வே எண் இருந்தால், தண்ணீர் எங்கே ஓடினாலும் அந்தக் கோடு நகராது. பழைய தடம் அரசுடையது. அதைத் தாண்டி வந்து உங்கள் புலத்தைக் கேட்க அவருக்கு வழியில்லை. உங்களுக்கும் பழைய தடம் சேராது. பத்திரத்திலுள்ள பரப்பும் செக்குபந்தியும் (நான்கு எல்லை விவரம்) முரண்பட்டால் கோர்ட்டுகள் பொதுவாகச் செக்குபந்தியைத்தான் எடுக்கும். ஆனால் அது பத்திரம் எழுதிய நாளில் இருந்த ஓடை.

தாய்ப்பத்திரத்தில் பைமாஷ் எண் (இன்றைய சர்வேக்கு முந்தைய பழைய அளவை எண்) இருந்தால், முதலில் அதற்கு ஈடான சர்வே எண்ணைத் தாலுகா அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். பாராமகால் (கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம்) 1792-இலும் ஓசூர்ப் பக்கம் 1799-இலும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போயின. இன்றைய கல்லும் படமும் 1858-இல் மெட்ராஸ் சர்வே துறை வந்த பிறகானவை. பைமாஷ் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கல் தேட முடியாது.

காணாமல்போன கல்லை மீதிக் கற்களிலிருந்துதான் பிடிக்க வேண்டும். புலப்படத்தில் கல்லுக்குக் கல் போட்ட அடிப்படைக் கோடுதான் ஜி-லைன்; அதன் மேல் எழுதியிருப்பது தூரம், பக்கவாட்டில் இருப்பது கோட்டிலிருந்து செங்குத்து விலகல். இரண்டு கற்களுக்கு இடையிலான தூரம் படத்தோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் சரிபார்க்க வேண்டும். ஒத்துவராவிட்டால் அவற்றில் ஒன்று நகர்ந்திருக்கலாம், மூன்றாவது கல்லைத் தேடுங்கள். உங்கள் பக்கம் மேடுபள்ளம் அதிகம் என்பதால் டேப்பைத் தரையோடு படுக்க விடக்கூடாது, மட்டமாகப் பிடிக்க வேண்டும். 5 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் சரிவில் படுக்கவிட்டு 100 மீட்டர் அளந்தால், மட்டத்தில் அது 98 மீட்டர்தான். செல்போன் ஜிபிஎஸ் சில மீட்டர் தப்பும்; எல்லைத் தகராறுக்கு ஆகாது.

இதெல்லாம் நீங்கள் விவரம் புரிந்துகொள்ள. கல் நடுவது நில அளவர் வேலை. அளந்து காட்டக் கேட்டு மனு போடுங்கள். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போனதா என்று உறுதி செய்யுங்கள். நோட்டீஸ் போகாமல் நடந்த அளவை பின்னால் எளிதில் அடிபடும். அளவர் சொல்வது கோடு எது என்பதை மட்டுமே. அனுபவ பாத்தியதை (நெடுநாள் அனுபவித்து வருவதால் வரும் உரிமை), உரிமை என்று எதிர்த்தரப்பு பேசினால் சிவில் கோர்ட்தான். முடிவு தெரியும்வரை கம்பிவேலி போடாதீர்கள்.