ஒரு மணி நேரத்தில் கை சோர்ந்துவிடுகிறது: எழுதும் வேகமும் கைவலியும்

கேள்வி: எனக்கு வயது 27. ஐந்து வருடம் மென்பொருள் வேலையில் இருந்ததால் பேனா பிடிக்கும் பழக்கமே விட்டுப்போனது. இப்போது யூபிஎஸ்சி மெயின்ஸ் (குடிமைப் பணி முதன்மை) தேர்வைத் தமிழில் எழுதத் தயாராகிறேன். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 45 சொல் தட்டச்சு செய்வேன். கையால் தமிழ் எழுதினால் தொடக்கத்தில் 17 சொல் வருகிறது; ஒரு மணி நேரம் தாண்டினால் 11-க்கு இறங்கிவிடுகிறது. கட்டைவிரல் அடியிலும் முன்கையிலும் வலி. சில நாட்களாகத் தினமும் நான்கு மணி நேரம் எழுதிப் பார்க்கிறேன். வலிதான் கூடுகிறது, வேகம் கூடவில்லை. தேர்வுக்கு 10 வாரம் இருக்கிறது. மாத்திரையோ, பந்து அமுக்கும் பயிற்சியோ உதவுமா?
— வாசகர், மதுரை

மருத்துவர் பதில்: முதலில் அந்த 45-ஐ மறந்துவிடுங்கள். அது ஆங்கிலம், அதுவும் தட்டச்சு. உங்களுக்கு எவ்வளவு வேகம் தேவை என்பதைத் தேர்வுத்தாளை வைத்தே கணக்கிடலாம். பொது அறிவுத் தாள் ஒன்றில் 20 கேள்விகள்: பத்துக்கு 150 சொல், பத்துக்கு 250 சொல். மொத்தம் 4,000 சொல், மூன்று மணி நேரம். இது உச்ச வரம்பு. உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் ஆங்கிலத்தில் 4,000 சொல்லாகும் விஷயம் தமிழில் 3,000-க்குள் அடங்கிவிடும். படிக்கவும் யோசிக்கவும் 25 நிமிடம் போனால், மீதி 155 நிமிடத்துக்கு 2,800 சொல் என்று வைத்தால் நிமிடத்துக்கு 18. நீங்கள் ஏற்கெனவே 17 எழுதுகிறீர்கள். ஆகவே உங்கள் குறை வேகத்தில் இல்லை. அது மூன்று மணி நேரம் நிலைக்காததுதான் குறை.

நிலைக்காததற்குப் பெரும்பாலும் காரணம் அழுத்தம். பல வருடம் எழுதாதவர்கள் பேனாவை இறுக்கிப் பிடித்துத் தாளில் ஊன்றுவார்கள். விரலை மடக்கும் முக்கியத் தசைகள் முன்கையில்தான் இருக்கின்றன. அவை விடாமல் இறுகியிருந்தால் உள்ளே ரத்த ஓட்டம் குறையும். ஒரு மணி நேரத்தில் களைத்துவிடும். அப்போது எழுத்து சிதையும், அதைச் சரிசெய்ய இன்னும் இறுக்குவீர்கள்.

இதைச் சோதிக்க ஒரு கார்பன் தாள் போதும். இரண்டு வெள்ளைத்தாளுக்கு நடுவே வைத்து ஐந்து நிமிடம் வழக்கம்போல் எழுதுங்கள். அடித்தாளில் கருகருவென்று பதிந்திருந்தால் அதுதான் உங்கள் வலி. பிறகு மேல்தாளில் எழுத்து தெளிவாகவும் அடித்தாளில் மங்கலாகவும் வரும்படி தினம் 10 நிமிடம் பழகுங்கள். முதல் வாரம் வேகம் குறையும். குறையட்டும்.

பேனா மாற்றினால் பாதி வேலை முடிந்துவிடும். பால்பாயின்ட் மை கெட்டியானது, ஊன்றினால்தான் ஓடும். ஜெல் பேனாவோ மைப்பேனாவோ தொட்டாலே எழுதும். பிடி சற்றுத் தடிமனாக, 10 முதல் 12 மில்லிமீட்டர் இருந்தால் விரல் குறைவாக மடங்கும். ஒல்லியான பேனாவுக்கு ரப்பர் உறை மாட்டினாலும் போதும். முனையிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் மேலே பிடியுங்கள். தேர்வு விதியில் சொல்லப்பட்ட மையின் நிறத்தைப் பார்த்து இன்றே ஒரே ரகத்தில் ஐந்தாறு பேனா வாங்கிவிடுங்கள். புதுப் பேனாவைத் தேர்வன்று முதன்முதலாகத் தொடுவதைப் போன்ற வம்பு வேறில்லை.

முன்கை முழுவதும் மேசைமேல் கிடக்க வேண்டும். மணிக்கட்டை மட்டும் விளிம்பில் ஊன்றி விரலால் எழுதினால் சின்னத் தசைகளே எல்லாப் பாரத்தையும் சுமக்கும். வலதுகைக்காரர் தாளை 20 முதல் 30 பாகை இடப்பக்கம் சாய்த்து வைக்கலாம். வரி கீழே இறங்க இறங்க, இடக்கையால் தாளை மேலே தள்ளுங்கள். கட்டிலில் சாய்ந்து மடியில் அட்டை வைத்து எழுதும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

பயிற்சி நேரம்தான் நீங்கள் அதிகம் தவறவிட்ட இடம். பூஜ்யத்திலிருந்து ஒரே தாவலில் நான்கு மணி நேரத்துக்குப் போனால் தசைநாண் தாங்காது. மூன்று நாள் கைக்கு முழு ஓய்வு கொடுங்கள். பிறகு வலி தொடங்கும் நேரத்துக்குச் சற்று முன்பே நிறுத்துவது என்று தொடங்குங்கள்: 40 நிமிடத்தில் வலி வந்தால், 25 நிமிடம் வீதம் ஒரு நாளைக்கு மூன்று முறை, இடையே குறைந்தது இரண்டு மணி நேரம். வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வோர் அமர்விலும் 10 முதல் 15 நிமிடம் கூட்டுங்கள். நேரம் நீள நீள அமர்வுகளைக் குறைத்து, ஐந்தாம் வாரத்தில் ஒரு நாளைக்கு ஒரே நீண்ட அமர்வாக்கலாம். ஏழாம் வாரம் முதல் வாரத்துக்கு இரண்டு முழு மூன்று மணித் தாள்கள். மெயின்ஸில் ஒரே நாளில் காலை ஒன்று, மதியம் ஒன்று எழுத வேண்டிவரும். எனவே ஒன்பதாம் வாரத்தில் ஒருநாளாவது அப்படி எழுதிப் பாருங்கள். கடைசி நான்கு நாள் அரை மணிக்கு மேல் எழுத வேண்டாம்.

பத்துக்கு மூன்று அளவு வலி இருந்து, மறுநாள் காலைக்குள் அடங்கினால் தொடரலாம். அடங்காவிட்டால் முந்தைய வார அளவுக்குத் திரும்புங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சி செய்வது எச்சரிக்கை மணியின் வயரை அறுப்பதற்குச் சமம். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் குறைபாடு இருந்தால்தான் பயன்படும். அதிலுள்ள பி6 மிக அதிகமாகி நாட்பட்டால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

பந்து அமுக்குவது வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே இறுகிக் களைத்த அதே தசைகளுக்கு இன்னும் வேலை கொடுப்பதுதான் அது. மாறாக ஐந்து விரல் நுனியையும் சுற்றி ரப்பர் பேண்ட் மாட்டி மெல்ல விரியுங்கள். 15 தடவை, இரண்டு சுற்று. பிறகு கையை நீட்டி, உள்ளங்கை கீழ்நோக்க மணிக்கட்டை மடக்கி 20 நொடி, அடுத்து மேல்நோக்க வளைத்து 20 நொடி. தேர்வறையிலும் ஒவ்வொரு பதிலுக்கும் இடையே பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஐந்து நொடி விரல்களை விரித்துவிடலாம்.

படிக்கும்போது எடுக்கும் குறிப்புகள்? அவற்றைத் தட்டச்சே செய்யுங்கள், கை மிஞ்சும். கையால் குறிப்பெடுத்தால் நன்றாகப் புரிகிறது என்று 2014-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றைப் பலர் சொல்வார்கள். 2019-இல் அதை மறுபடி செய்துபார்த்தவர்களுக்கு அவ்வளவு தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. மாதிரி விடைகளை மட்டும் கையால் எழுதுங்கள். அதிலும் ஒரு சோதனை: தெரிந்த பத்தி ஒன்றைப் பார்த்து ஐந்து நிமிடம் எழுதுங்கள், பிறகு புதுக் கேள்விக்குச் சொந்தமாக ஐந்து நிமிடம். முதலாவதில் 18, இரண்டாவதில் 10 என்றால் தடை கையில் இல்லை. விடையின் சட்டகத்தை ஒரு நிமிடத்தில் போடப் பழகுவதே அதற்கு மருந்து.

கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். லேசான இழுப்பு எல்லோருக்கும் வரும். கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் சுரீரென்று குத்தினால் அது டி குவெர்வைன் எனப்படும் தசைநாண் உறை அழற்சியாக இருக்கலாம். கைபேசியில் கட்டைவிரலால் ஓயாமல் தட்டுபவர்களுக்கும் வரும். கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டையும் ஓய்வும் தேவை. எலும்பு மருத்துவரைப் பாருங்கள். இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போய் எழுந்து உதறினால், மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தைராய்டும் சர்க்கரையும் கூடவே சோதிக்கப்படும்.

வேறொன்று: வலி அதிகமில்லாமல், பேனா பிடித்த சில நிமிடங்களில் விரல்கள் தாமாகவே முறுக்கிக்கொண்டு, மற்ற வேலைகளில் கை நன்றாக இயங்கினால் அது எழுத்துப் பிடிப்பு எனும் நரம்பியல் கோளாறு. அதற்கு மேலே சொன்ன பயிற்சி போதாது, நரம்பியல் மருத்துவர் தேவை. இந்தக் கோளாறு உள்ளவருக்கு, சலுகைகளுக்குச் சட்டம் வைத்த வரம்பான 40 சதவீத ஊனம் இல்லாவிட்டாலும் தேர்வில் எழுதுபவர் உதவி பெற உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில், விகாஷ் குமார் எதிர் யூபிஎஸ்சி வழக்கில் தீர்ப்பளித்தது. சான்றிதழ் வாங்க நாளாகும். சந்தேகம் இருந்தால் இந்த வாரமே போங்கள்.