கருவி வைத்துப் பார்த்தாலே கேன்சர் டெஸ்ட் ஆகிவிடுமா?

கேள்வி: எனக்கு 24 வயசுங்க. கல்யாணமாகி 3 வருசமாச்சு. பனியன் கம்பெனில செக்கிங் வேலை. வெள்ளைப்படுதலும் அரிப்பும் தாங்காம அரசு ஆஸ்பத்திரி சுகவாழ்வு மையத்துக்குப் போனேனுங்க. கருவி வெச்சுப் பார்த்து மாத்திரை குடுத்தாங்க. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் சோதனை இப்ப வேண்டாம்னுட்டாங்க. கருவி வெச்சதே அந்தச் சோதனைதான்னு கூட வேலை செய்யற அக்கா சொல்றாங்க. எதுங்க சரி?
– வாசகி, திருப்பூர்

பதில்: அக்கா சொன்னது தப்பு, அம்மணி. அந்தக் கருவி பிறப்புறுப்பை விரித்துக் காட்டுவதற்கு மட்டும்தான். சோதனை அதற்குப் பிறகு நடப்பது. பாப் ஸ்மியர் என்றால், சிறு மரக்குச்சியைக் கர்ப்பப்பை வாயில் வைத்து ஒரு முழுச் சுற்று சுழற்றி, வழித்த செல்களைக் கண்ணாடி ஸ்லைடில் தடவி, ஈரம் காயுமுன் 95 சதவீத ஆல்கஹாலில் போடுவார்கள். காயவிட்டால் செல்கள் உருக்குலைந்து, லேபில் படிக்கவே முடியாது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்வது வேறு முறை: அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். எங்காவது திட்டாக வெளுத்தால் மேல்சிகிச்சைக்கு அனுப்புவார்கள். உங்களுக்கு இரண்டுமே செய்யவில்லை.

செய்யாததும் சரிதான். இந்தப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. வைரஸ். இளம் வயதில் அது தொற்றினாலும் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். புற்றாக மாறப் பல வருடம் பிடிக்கும். தானாகப் போகிறதைத் தேடிப் பிடித்து கர்ப்பப்பை வாயில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால், பிறகு குறைமாதப் பிரசவத்துக்கு வாய்ப்புக் கூடும். நம் அரசுத் திட்டத்தில் 30 வயதிலிருந்து 65 வரை, 5 வருடத்துக்கு ஒருமுறை சோதனை. இங்கிலாந்தில் 25 வயதில் தொடங்குகிறார்கள். எச்.ஐ.வி. இருந்தால் 25 என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் எச்.ஐ.வி. சோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் சோதனைக்கு ரத்தம் கொடுக்கச் சொன்னால் தயங்காமல் கொடுத்துவிடுங்கள்.

தொற்று இருக்கும்போது ஸ்மியர் எடுத்தால் அழற்சி செல்கள் மற்றதை மறைத்துவிடும். முதலில் மாத்திரையை முடியுங்கள். வீட்டுக்காரரையும் வரச் சொல்லியிருந்தால் கூட்டிப் போங்கள். அவருக்கு மருந்து தராமல் விட்டால் சில தொற்றுகள் திரும்பத் திரும்ப வரும்.

ஆனால் உறவுக்குப் பிறகு ரத்தம், இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் ரத்தம், நாற்றத்தோடு ரத்தம் கலந்த கசிவு, இதில் ஒன்று வந்தாலும் வயதைப் பார்க்கவே கூடாது. அன்றைக்கே மகளிர் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

எச்.பி.வி. தடுப்பூசி உங்கள் வயதில் 3 ஊசி. உறவு தொடங்குமுன் போட்டால்தான் முழுப் பலன். இப்போது போட்டால் குறைவுதான், வீண் இல்லை. வீட்டில் 9 முதல் 14 வயதுக்குள் தங்கச்சி இருந்தால் 6 மாத இடைவெளியில் 2 ஊசி போதும். ஊசி போட்டவர்களுக்கும் 30-ல் சோதனை உண்டு.

அந்த அக்காவுக்கு 30 தாண்டியிருந்தால், இப்போது சோதனை வேண்டியது அவருக்குத்தான். அந்த மாதத்து விலக்கு முடிந்த பிறகு, முந்தின 2 நாள் உறவும் உள்ளே வைக்கும் மாத்திரையும் இல்லாமல் போகச் சொல்லுங்கள்.