ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் அணைகிற தொலைக்காட்சி

வாசகர் கேள்வி: எனக்கு 45 வயது. என் ஒரே மகள் பி.காம். இறுதியாண்டு படிக்கிறாள், வயது 21. மாலை நேரங்களில் நாங்கள் இருவரும் கொரியத் தொடர்கள் பார்ப்போம். ‘மிஸ்டர் சன்ஷைன்’, ‘கோப்ளின்’, ‘மை மிஸ்டர்’ என்று அவளுக்குப் பிடித்த எல்லாவற்றிலும் நாயகன் நாயகியைவிடப் பன்னிரண்டு, பதினெட்டு, இருபது வயது மூத்தவராக இருக்கிறார். அவற்றை அழுது அழுது ரசிக்கிறாள். இப்போது என் நாத்தனார் வழியில் ஒரு நல்ல வரன் வந்திருக்கிறது. பையனுக்கு 33 வயது. வெளிநாட்டில் நல்ல வேலை. “பன்னிரண்டு வயது வித்தியாசம் வேண்டாம்” என்று பிடிவாதமாக இருக்கிறாள். “டிவியில் இருபது வயது மூத்தவனை ரசிக்கிறாய், நிஜத்தில் பன்னிரண்டு கசக்கிறதா?” என்று கேட்டேன், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. என் கணவரும் என்னைவிட 14 வயது பெரியவர்தான். 26 ஆண்டுகளாக எனக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. (அவருக்கு இந்தத் தொடர்கள் பிடிக்காது. அவருடைய ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் மகளே ரிமோட்டை எடுத்து அணைத்துவிடுவாள். அடுத்த ஆண்டு ஓய்வு பெறுவதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்கிறார்.) இந்தத் தொடர்கள் என் மகளின் மனதைக் குழப்புகின்றனவா? பார்ப்பதை நிறுத்திவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்:

சகோதரிக்கு,

பிள்ளைகள் பார்ப்பதை நிறுத்திவிடலாமா என்று கேட்டு எனக்கு வரும் கடிதங்களுக்குக் கணக்கில்லை. முன்பெல்லாம் சினிமாவின் மீது பழி போட்டார்கள், பிறகு மெகா தொடர்களின் மீது போட்டார்கள், இப்போது கொரியாவின் முறை வந்திருக்கிறது. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது நீங்கள் அடைப்புக்குறிக்குள் ஒதுக்கி வைத்த இடத்தைத்தான். ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் உங்கள் மகள் ரிமோட்டை எடுக்கிறாள். நீங்கள் சொல்லி எடுப்பதாக எழுதவில்லை, அவளே எடுக்கிறாள். அதற்கு நான் வருகிறேன். அதற்கு முன், நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருக்கும் தொடர்களைப் பற்றிச் சில வார்த்தைகள், ஏனென்றால் நீங்கள் அவற்றைப் பார்த்திருக்கிறீர்களே தவிர, உங்கள் மகள் பார்த்ததைப் பார்க்கவில்லை.

2018இல் ‘மிஸ்டர் சன்ஷைன்’ ஒளிபரப்பானபோது நாயகனாக நடித்த லீ பியுங் ஹன்னுக்கு 48 வயது, நாயகியாக நடித்த கிம் தே ரிக்கு 28. இந்த இருபது வயது இடைவெளியைப் பார்த்துக் கொரிய மக்களே முகம் சுளித்தார்கள். அங்கே ஆண்கள் கட்டாய ராணுவ சேவைக்குப் போக வேண்டும். அதை முடித்து, மீண்டும் இடம் பிடித்து, வெளிநாட்டிலும் விலைபோகிற பெயராக ஒரு நடிகர் நிலைபெறும்போது முப்பதைக் கடந்துவிடுகிறார், சிலர் நாற்பதையும் கடக்கிறார்கள். அவருக்கு ஜோடி தேடும்போது மட்டும் இருபதுகளில் இருக்கிற பெண் வேண்டும் என்கிறார்கள். இந்தப் பழக்கத்தைப் பற்றிக் கேள்வி கேட்கிற தகுதி, ஐம்பதைத் தாண்டிய நாயகனை இருபத்தைந்து வயதுப் பெண்ணோடு ஆடவிட்டுக் கைதட்டுகிற நமக்கு இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

அந்தத் தொடரில் நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. நாயகி உயர்குடியில் பிறந்தவள், நாயகன் அடிமையாகப் பிறந்து அமெரிக்காவுக்குத் தப்பிப் போய், அந்நாட்டுப் படை அதிகாரியாகத் திரும்பி வந்தவன். வயது அவன் பக்கம் இருக்கிறது என்றால், குலமும் அந்தஸ்தும் அவள் பக்கம் இருக்கின்றன. துப்பாக்கியும் அவள் கையில் இருக்கிறது. அது போதாதென்று, வீட்டார் அவளுக்காக முன்பே ஒருவனை நிச்சயித்து வைத்திருக்கிறார்கள். அந்த வேடத்தில் நடித்த நடிகர் கிம் தே ரியைவிட நான்கு வயதுதான் மூத்தவர். வயதைப் பார்த்தால் பெரியவர்கள் பார்த்த வரன்தான் பொருத்தம். அவள் பாட்டனார் முன் நின்று அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்கிறாள். உங்கள் மகள் அழுது ரசித்த தொடரில் இருந்த பெண் இவள். அவளிடமிருந்து உங்கள் மகள் எதையாவது கற்றிருந்தால், அது மூத்தவனைக் காதலிப்பதாக இருக்க வேண்டும் என்று உங்களுக்கு ஏன் தோன்றியது?

‘கோப்ளின்’ தொடரில் எனக்கும் ஒரு குறை உண்டு, அதை மறைக்க மாட்டேன். 900 ஆண்டுகளுக்கு மேல் வாழ்கிற ஒருவனின் காதலி, கதை தொடங்கும்போது பள்ளிச் சீருடையில் இருக்கிறாள். கோங் யூவுக்கும் கிம் கோ யூனுக்கும் நிஜத்தில் 12 வயது இடைவெளி, இருவரும் வளர்ந்தவர்கள், கதையோ மாயக்கதை என்றெல்லாம் சமாதானம் சொல்லலாம். பள்ளிச் சீருடையில் இருக்கிற பெண்ணைக் காதல் காட்சிக்குள் கொண்டுவருவதை நான் ஏற்க மாட்டேன். ஆனால் நீங்கள் கேட்டது இதையல்ல. உங்கள் மகள் அதைக் கடந்து 21 வயதுக்கு வந்துவிட்டாள்.

இப்போது ‘மை மிஸ்டர்’. லீ சன் கியூனுக்கும் ஐயுவுக்கும் 18 வயது இடைவெளி. 2018இல் அந்தத் தொடர் ஒளிபரப்பாவதற்கு முன்பே அதற்காகக் கடுமையான கண்டனம் எழுந்தது. பார்த்த பிறகு பலர் மனம் மாறினார்கள், ஏனென்றால் அந்த இருவருக்கும் இடையில் இருப்பதைக் காதல் என்ற ஒரு சொல்லில் அடைக்க முடியவில்லை. அந்தப் பெண் அவனை ‘அஜொஸ்ஸி’ என்று அழைக்கிறாள். கொரிய மொழியில் அது நடுவயது ஆணை அழைக்கும் சொல். நாம் அண்டை வீட்டுக்காரரை ‘மாமா’ என்பது போல. ஒரு வயது கூடினாலே அழைக்கும் சொல்லும் வினைமுற்றும் மாறிவிடுகிற மொழி அது. பெண் தன்னைவிட மூத்த இளைஞனை ‘ஓப்பா’ என்பாள், ஆண் தன்னைவிட மூத்த பெண்ணை ‘நூனா’ என்பான். எனவே அந்தத் தொடர்களில் வயது இடைவெளியை யாரும் மறக்க முடியாது. வாயைத் திறந்தாலே அது முன்னால் வந்து நிற்கும். நமக்கும் அது புதிதல்ல. உங்கள் கடிதம் முழுவதும் உங்கள் கணவர் ‘அவர்’ என்றே வருகிறார். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை, நானும் என் கணவரை அப்படித்தான் சொல்கிறேன்.

‘மை மிஸ்டர்’ தொடரில் வருகிற இளம்பெண் நாயகனுடைய கைபேசியை ரகசியமாக ஒட்டுக்கேட்கிறாள். செய்வது தவறு, கூலிக்காகச் செய்கிறாள். ஆனால் காதில் அந்தக் கருவியை மாட்டிக்கொண்டு அவனுடைய பேச்சையும் மூச்சையும், இரவில் வீடு திரும்பும்போது கேட்கிற காலடியையும் கேட்டுக் கேட்டு, வயதில் மூத்த ஒரு மனிதன் உள்ளே எப்படி இருக்கிறான் என்று தெரிந்துகொள்கிறாள். உங்கள் மகளுக்கும் மூத்த ஒரு மனிதரைப் பற்றிக் காதால் தெரிந்தது ஒன்று உண்டு. அது ஸ்கூட்டர் சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் சிரிப்பை நிறுத்த வேண்டும், பார்த்துக்கொண்டிருந்ததைப் பாதியில் விட வேண்டும், அம்மாவும் தானும் அதுவரை ஒன்றாக உட்கார்ந்திருந்த தடயத்தை அழிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். இதை அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தது? உங்கள் கணவர் ஒரு நாளாவது அணைக்கச் சொன்னாரா? அவர் சொன்னதாக ஒரு வரியும் எழுதாத நீங்கள், ‘பிடிக்காது’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். 19 வயதில் 33 வயதுக்காரர் வீட்டுக்குள் நுழைந்த நீங்கள், அவருக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று அவரைக் கேட்காமலே கணக்குப் போடப் பழகியிருக்கிறீர்கள். 26 ஆண்டுகளில் அந்தக் கணக்கு உங்கள் மகளுக்கும் வந்துவிட்டது, உங்கள் கையைவிட அவள் கை வேகமாகிவிட்டது.

வந்திருக்கிற பையனுக்கும் 33 வயதுதான். இந்த எண் உங்கள் கண்ணில் படவே இல்லையா?

பன்னிரண்டு வயது இடைவெளியில் நல்ல குடும்பம் நடத்தியவர்களை எனக்குத் தெரியும். ஒத்த வயதில் மணந்து மூன்றாம் மாதம் நீதிமன்றம் போனவர்களையும் தெரியும். பெற்றோர் பார்த்து முடிக்கிற திருமணத்தில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் மாப்பிள்ளைக்கு 33 வயதும் பெண்ணுக்கு 21 வயதும் ஆகும்போது, பெற்றவர்களின் கடமை இரண்டு மடங்காகிறது: அவள் பேசும்போது அவன் காது கொடுக்கிறவனா, தனக்குப் பிடிக்காததை வாய்விட்டுச் சொல்கிறவனா, அவள் வேலைக்குப் போவதைப் பற்றி என்ன நினைக்கிறான் என்று அலசிப் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது ‘வெளிநாட்டில் நல்ல வேலை’ என்ற மூன்று சொல். சம்பளத்தையும் நாத்தனாரின் மனத்தாங்கலையும் கணக்கில் எடுத்தவர், மகள் அவனோடு ஒரு மணி நேரம் பேசினாளா என்பதை எழுத மறந்துவிட்டீர்கள். நீங்கள் 60 வயதைத் தொடும்போது உங்கள் கணவருக்கு 74 ஆகியிருக்கும். அந்தப் பணிவிடையை நீங்கள் மனமுவந்து செய்வீர்கள், செய்யவும் வேண்டும். ஆனால் அதே கணக்கை மகளுக்கும் போட்டுப் பார்க்காமல் ‘கசக்கிறதா?’ என்று கேட்பது தாய் கேட்கிற கேள்வியா? கூடவே உட்கார்ந்து ரசித்துவிட்டு, அந்த ரசனையையே அவளுக்கு எதிரான சாட்சியாக எடுத்து நீட்டினீர்கள். இரண்டு நாள் பேசாமல் இருந்தது குறைவு என்பேன்.

மகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் அதைத் தகப்பனாரிடம் அவளே நேரில் சொல்லட்டும். அம்மாவிடம் கோபித்துக்கொண்டு, அம்மா போய் அப்பாவிடம் மெல்லச் சொல்லி, அப்பா அத்தையிடம் மழுப்பி என்று சுற்றி வளைத்தால், அதுவும் ரிமோட்டை எடுப்பது போலத்தான். பெற்றவரை மதிப்பது என்றால் அவர் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்வதும் அதில் சேரும். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். அவளுக்காகப் பேச வேண்டாம். அதுவரை நாத்தனாருக்கு எந்த வாக்கும் கொடுக்காதீர்கள்.

தொடர்களை நிறுத்தலாமா என்று கேட்டீர்கள். நிறுத்தாதீர்கள். ‘சம்திங் இன் த ரெயின்’ என்று ஒன்று இருக்கிறது. சன் யே ஜின்னுக்கும் ஜங் ஹே இன்னுக்கும் ஆறு வயது வித்தியாசம், அதில் பெண்தான் மூத்தவள். நாயகியின் தாய் அந்தப் பையனை எதிர்ப்பதற்குக் காட்டுகிற முதல் காரணம் வயது இல்லை, அவனுடைய குடும்பப் பின்னணி. அந்தத் தாய் வருகிற காட்சிகளில் நீங்கள் எழுந்து சமையலறைக்குப் போகாமல் உட்கார்ந்து பாருங்கள். ஸ்கூட்டர் சத்தம் கேட்கும்போது ரிமோட் உங்கள் கையில் இருக்கட்டும். அவர் உள்ளே வந்ததும், “உட்காருங்கள், இந்தப் பெண்ணின் அம்மா என்ன பாடுபடுத்துகிறாள் பாருங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். அவர் உட்காரலாம், முகம் சுளித்துக்கொண்டு உள்ளே போய்விடலாம். போனால் போகட்டும், தொடர் ஓடட்டும். அடுத்த ஆண்டு அவர் ஓய்வு பெற்றுவிட்டால் நாள் முழுவதும் வீட்டில்தான் இருக்கப் போகிறார். அப்போது ஸ்கூட்டர் சத்தமும் கேட்காது; எதைக் கேட்டு அணைப்பீர்கள்?